காற்றின் கணக்கும் ரூபி மொழியும்

1980-களில் ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் வளிமண்டல ஆய்வு செய்தவர்களுக்குக் கணக்குப் போடுவதைவிட, போட்ட கணக்கை மறுபடி வாசிப்பதே பெரும்பாடாக இருந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் ஹிட்டாச்சி இயந்திரங்கள் ஓடின. கியோட்டோவில் ஃபுஜிட்ஸு. இரண்டும் ஐபிஎம் பெருங்கணினிகளின் வழியைப் பின்பற்றித் தசம எண்களைப் பதினாறடிமான முறையில் எழுதின. ஆய்வுக்கூட மேசைகளில் மெல்ல இடம்பிடித்த யூனிக்ஸ் பணிநிலையங்களோ 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி எழுதின. அதே 32 பிட்டை இரண்டும் வெவ்வேறு எண்ணாக வாசித்தன. ஓரிடத்தில் கணக்கிட்ட காற்றின் வேகத்தை மற்றோரிடத்தில் திறந்தால் அர்த்தமற்ற இலக்கங்கள்தான் வரும்.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. ஃபோர்ட்ரான் நிரல் தன் வழக்கமான முறையில் இருமக் கோப்பு எழுதும்போது, பெரும்பாலான யூனிக்ஸ் கணினிகளில் ஒவ்வொரு பதிவின் முன்னும் பின்னும் அதன் நீளத்தை 4 பைட்டாகச் சேர்த்துவிடும். சி மொழியில் வாசிப்பவர் அந்த 4 பைட்டைத் தாண்டத் தவறினால், அடுத்து வரும் எல்லா எண்களும் ஓரிடம் தள்ளிப் போய்விடும். ஒரு கணினி எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும். இன்னொன்று சிறிய பைட்டை முதலில் வைக்கும். இத்தனையையும் சரிசெய்து எண்களை ஒழுங்காகப் பெற்ற பிறகும் அடிப்படைக் கேள்வி அப்படியே நின்றது: இவை எதன் எண்கள்? வெப்பநிலையென்றால் கெல்வினா, செல்சியஸா? முதல் எண் வடதுருவமா, தென்துருவமா? அஞ்சறைப் பெட்டியில் எது சீரகம், எது சோம்பு என்று அந்த வீட்டில் சமைப்பவருக்குப் பெயர் எழுதாமலே தெரியும். அவர் ஊருக்குப் போன பிறகு அடுப்படிக்கு வருபவர் திண்டாடுவார். கோப்பை எழுதிய மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனதும் அந்த ஆய்வுக்கூடத்துக்கும் அதே நிலைதான்.

இந்தத் துன்பம் ஜப்பானுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் நாசாவுக்கு அது இன்னும் பெரிய அளவில் இருந்தது. செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி வடிவத்தில் தரவுகளைக் கொட்டின. 1980-களின் நடுவில் மேரிலாந்து மாநிலத்தின் கொடார்டு விண்வெளி மையத்தில் சிடிஎஃப் என்ற பொதுத் தரவு வடிவம் உருவானது. கோப்புக்குள் எண்களோடு அவற்றின் பெயரும் அலகும் பரிமாணமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. ஆனால் அது வாக்ஸ் கணினியையும் அதன் விஎம்எஸ் இயங்குதளத்தையும் சார்ந்து பிறந்தது. பல்கலைக்கழகங்களுக்கோ எந்தக் கணினியிலும் ஓடக்கூடிய ஒன்று தேவைப்பட்டது.

அந்தத் தேவையைக் கையில் எடுத்தது கொலராடோவின் போல்டர் நகரிலிருந்த யூனிடேட்டா. வானிலைத் துறை மாணவர்களுக்குத் தரவும் மென்பொருளும் கிடைக்கச் செய்வதே அந்த அமைப்பின் வேலை. 1988 தொடக்கத்தில் அங்கே கிளென் டேவிஸ் ஒரு மாதிரி மென்பொருளை எழுதினார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்டிருந்த எக்ஸ்டிஆர் என்ற பொது எண்முறையின் மேல் அது அமர்ந்தது. எந்தக் கணினியில் எழுதினாலும் வட்டில் பதியும் பைட்டுகள் ஒரே வரிசையில் இருக்கும். அந்த ஆண்டு ஆகஸ்டில் ரஸ் ரூ, கிளென் டேவிஸ் உள்ளிட்ட ஒரு சிறு குழு கூடி இடைமுகத்தின் விவரங்களை முடிவுசெய்தது. 1989-இல் நெட்சிடிஎஃப் வெளிவந்தது.

அதன் கோப்பு வடிவம் வியப்பூட்டும் அளவுக்கு எளியது. முதல் மூன்று பைட்டுகள் சி, டி, எஃப் என்ற ஆங்கில எழுத்துகள். நான்காவது பைட் பதிப்பு எண். அதன்பின் மூன்று பட்டியல்கள்: பரிமாணங்கள், பண்புகள், மாறிகள். தீர்க்கரேகை 144 புள்ளி, அட்சரேகை 73 புள்ளி என்பது போன்றவை பரிமாணங்கள். 'அலகு கெல்வின்', 'விடுபட்ட மதிப்பு இன்ன எண்' என்பது போன்ற குறிப்புகள் பண்புகள். வெப்பநிலை, காற்று, மழை ஆகியவை மாறிகள். இந்த முகப்புக்குப் பிறகு எண்கள் வரிசையாக வருகின்றன. எந்த மாறி எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதும் முகப்பிலேயே எழுதப்பட்டிருப்பதால், வேண்டிய இடத்துக்கு நேரே தாவிச் சென்று வேண்டியதை மட்டும் எடுக்கலாம்.

யூனிடேட்டா எடுத்த இன்னொரு முடிவுதான் இந்த வரலாற்றின் திருப்பம். கோப்பின் பைட் அமைப்பை அறிவித்துவிட்டு, ஆளாளுக்கு வாசிப்பு நிரல் எழுதிக்கொள்ளுங்கள் என்று அது விடவில்லை. சி மொழியில் ஒரு நூலகத்தைக் கவனமாக எழுதி, எல்லோரும் அதன் வழியாகவே கோப்பைத் தொடும்படி ஊக்குவித்தது. ஒரு மொழியிலிருந்து அந்த நூலகத்தை அழைக்க உதவும் இணைப்பு நிரலுக்கு உறை என்று பெயர். ஃபோர்ட்ரானுக்கு ஓர் உறை, சி++ மொழிக்கு ஓர் உறை என்று பிற மொழிகள் அந்த ஒரே நூலகத்தைச் சுற்றி வளர்ந்தன.

ஜப்பானில் இதே காலத்தில் புவிப் பாய்ம இயக்கவியல் படித்த சில இளைஞர்கள் டென்னோ கிளப் என்ற பெயரில் ஒன்றுகூடியிருந்தார்கள். காற்றும் கடலும் சுழலும் கோளின் மேல் எப்படி நகர்கின்றன என்பதே அவர்கள் படிப்பு. ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். டோக்கியோ, கியோட்டோ, பின்னர் ஹொக்கைடோ, கியூஷூ என்று நாடெங்கும் சிதறியிருந்தவர்கள். ஒருவர் எழுதிய வரைபட நிரலை மற்றவர் மறுபடி எழுதுவது வீண் என்று கருதி, டிசிஎல் என்ற பொது ஃபோர்ட்ரான் நூலகத்தைச் சேர்ந்து கட்டினார்கள். சமஅழுத்தக் கோடுகள், உலக வரைபடங்கள், காற்றின் திசையம்புகள் எல்லாம் அதிலிருந்து வந்தன. மூலநிரலைத் திறந்தே வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். நாற்பது ஆண்டுகளை நெருங்கும் இந்தக் கூட்டு உழைப்புக்கு ஜப்பானுக்கு வெளியே கிடைத்த கவனம் மிகக் குறைவு. இதைவிட அதிகம் பெறத் தகுதியுள்ளது அது.

தரவு வடிவத்துக்கும் அவர்கள் வட்டாரத்திலேயே விடை தேடினார்கள். வளிமண்டலச் சுழற்சி மாதிரி ஒன்றை உருவாக்கிய அட்சுஷி நுமாகுச்சி, ஜிடூல்3 என்ற வடிவத்தை வகுத்தார். ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் முன்னால் 1024 பைட் முகப்பு. அதில் 16 எழுத்து அளவுள்ள 64 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், அலகு, தேதி, அச்சு என்று ஒரு விவரம். நெட்சிடிஎஃப் சொன்ன அதே கருத்தை ஃபோர்ட்ரான் காரர் ஒருவர் தம் கைக்கு வசதியான அளவில் செய்துகொண்டது இது. ஜப்பானியக் காலநிலை மாதிரிகளில் அது நெடுங்காலம் புழங்கியது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த தரவெல்லாம் நெட்சிடிஎஃப் வடிவில் வரத் தொடங்கியபோது, தனி வடிவத்தோடு ஒதுங்கி நிற்பது கடினமாயிற்று. 2000-ஐ ஒட்டி, எய்ஜி டொயோடா முதலியோர் அடுத்த தலைமுறையான ஜிடூல்4-ஐ வகுத்தபோது நெட்சிடிஎஃப்பையே அடித்தளமாக ஏற்றார்கள்.

அப்போதுதான் ரூபி உள்ளே வந்தது.

யுகிஹிரோ மட்சுமோட்டோ 1993 பிப்ரவரியில் நினைத்து, 1995 டிசம்பர் 21-இல் 0.95 பதிப்பாகப் பொதுவில் வெளியிட்ட மொழி அது. 1996 கிறிஸ்துமஸ் அன்று 1.0 வந்தது. பெர்ல் மொழியின் கைப்பழக்கமும் ஸ்மால்டாக்கின் பொருள்நோக்கு ஒழுங்கும் ஒன்றுசேர்ந்த மொழி என்று அதைச் சொல்லலாம். எல்லாமே பொருள், எண்ணும் பொருள்தான். ரூபியைப் பற்றிய முதல் புத்தகம் 1999-இல் ஜப்பானிய மொழியில் வந்தது. ஆங்கிலத்தில் டேவ் தாமஸும் ஆண்டி ஹன்ட்டும் எழுதிய புத்தகம் 2000-இல்தான் வந்தது. தாய்மொழியில் கையேடும் விளக்கமும் உள்ள நிரல்மொழி ஒரு முதுகலை மாணவருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது, ஆங்கிலக் கையேட்டோடு மல்லுக்கட்டி நிரல் கற்ற தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும்.

மட்சுமோட்டோ செய்த இன்னொரு நல்ல காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ரூபியின் இயந்திரம் சி மொழியில் எழுதப்பட்டது. அதை வெளியிலிருந்து சி நிரலால் நீட்டிக்கும் வழியை அவர் தொடக்கத்திலேயே திறந்துவைத்தார்; எப்படிச் செய்வது என்ற விளக்கத்தையும் மூலநிரலோடு ஜப்பானிய மொழியிலேயே சேர்த்துக் கொடுத்தார். சி-யில் ஒரு செயல்கூறு எழுதி, 'இந்த வகுப்பின் இந்தச் செயல்முறை இதுதான்' என்று ஒரு வரியில் பதிவுசெய்தால் போதும். ரூபி நிரலர் அது ரூபியில் எழுதப்பட்டதா, சி-யில் எழுதப்பட்டதா என்று தெரியாமலே பயன்படுத்துவார். கணினியில் நூலகம் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துத் தொகுப்புக் கட்டளைகளை எழுதித் தரும் கருவியும் மொழியோடு வந்தது.

அறிவியல் கணக்குக்கு ரூபியை அப்படியே பயன்படுத்த முடியாது என்பதும் உண்மை. அந்நாளைய 32 பிட் கணினிகளில் ரூபியின் ஒரு தசம எண் தனிப் பொருளாக 20 பைட் எடுத்தது. அதைச் சுட்ட இன்னொரு 4 பைட். கோப்பில் 4 பைட்டில் அடங்கும் எண்ணுக்கு நினைவகத்தில் 24 பைட். இலட்சக்கணக்கான கட்டங்களில் உள்ள காற்றை இப்படி வைத்துக் கூட்டிக் கழித்தால் மாலைக்குள் விடை வராது. மசாஹிரோ தனாகா 1999 வாக்கில் தொடங்கிய என்அரே என்ற எண் அணி நூலகம் இந்தத் தடையை நீக்கியது. எண்களை சி மொழியின் முறையில் ஒரே தொடர்ச்சியாக நினைவகத்தில் வைத்து, கூட்டலையும் பெருக்கலையும் சி வேகத்தில் செய்தது. ரூபி நிரலருக்குக் கண்ணில் படுவது 'அ கூட்டல் ஆ' என்ற ஒரு வரி மட்டும்.

மொழி இருந்தது, அணி இருந்தது, சி-யில் நெட்சிடிஎஃப் நூலகம் இருந்தது. அப்போது கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இருந்த தகேஷி ஹொரினோஉச்சியும் உடனுழைத்தவர்களும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவற்றை இணைத்தார்கள். டென்னோ ரூபி என்ற திட்டத்தின் கீழ் வந்த அந்த இணைப்பின் பெயர் ரூபிநெட்சிடிஎஃப்.

அதன் கட்டுமானம் இரண்டு அடுக்கு. கீழே சி மொழியில் ஒரு பச்சை அடுக்கு. நூலகத்தின் செயல்கூறுகளைப் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்றாக ரூபிக்குக் கொண்டுவருவது. மேலே ரூபியிலேயே எழுதிய அடுக்கு. மனிதர் தொடுவது அதைத்தான். நெட்சிடிஎஃப்பின் சி நூலகத்தில் ஒரு மாறியை வாசிக்க ஒரு செயல்கூறு இல்லை, பல இருந்தன. எழுத்து, பைட், குறு முழுஎண், முழுஎண், ஒற்றைத் துல்லியத் தசமம், இரட்டைத் துல்லியத் தசமம் என ஆறு தரவு வகைகள். முழு மாறி, ஒற்றை எண், ஒரு துண்டு, இடைவிட்ட துண்டு என்று வாசிக்கும் விதங்களும் பல. வகைக்கும் விதத்துக்கும் தனித்தனிச் செயல்கூறு. சி நிரலர் எது பொருந்தும் என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். ரூபியின் மேலடுக்கு மாறியின் வகையைத் தானே கேட்டுத் தெரிந்துகொண்டு பொருத்தமான செயல்கூறை அழைத்தது. பயனர் 'கெட்' என்று ஒரே சொல் எழுதினால் போதும்.

வாசிக்கும் நேரத்தில் நடப்பதைக் கவனிப்பது பயனுள்ளது. உறை முதலில் எத்தனை எண்கள் வரும் என்று கணக்கிட்டு அதே அளவில், அதே வகையில் ஒரு வெற்று என்அரேயை உருவாக்குகிறது. அதன் நினைவக முகவரியை நெட்சிடிஎஃப் நூலகத்திடம் கொடுக்கிறது. நூலகம் வட்டிலிருந்து எடுத்து, பைட் வரிசையைத் திருத்தி, எண்களை நேரே அங்கே நிரப்புகிறது. நடுவில் எண்ணுக்கு எண் ரூபிப் பொருளாக மாற்றும் வேலை இல்லை. ரூபி மெதுவான மொழி என்ற குறை இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

என்சிஇபி, என்சிஏஆர் என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் இணைந்து 1996-இல் அறிவித்த வளிமண்டல மறுபகுப்பாய்வை எடுத்துக்கொள்வோம். உலகம் 2.5 பாகை இடைவெளியில் 144-க்கு 73 கட்டங்கள். உயரத்தில் 17 அழுத்த மட்டங்கள். நாளைக்கு நான்கு வேளை. ஓராண்டு வெப்பநிலை மட்டும் 26 கோடிக்கு மேற்பட்ட எண்கள். 2 பைட் முழுஎண்ணாகச் சுருக்கி எழுதினாலும் 520 மெகாபைட்டைத் தாண்டும். அன்றைய மேசைக் கணினியின் நினைவகத்தில் இது அடங்காது. ஆனால் நமக்குச் சென்னைப் பக்கம் மட்டும் போதும் என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்கு மிக அருகிலுள்ள கட்டப்புள்ளி, 12.5 பாகை வடக்கு, 80 பாகை கிழக்கு. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் தீர்க்கரேகையில் 32, வடதுருவத்திலிருந்து அட்சரேகையில் 31. அந்த இரண்டு எண்ணையும் மிகக் கீழான அழுத்த மட்டத்துக்கான பூஜ்யத்தையும் சதுர அடைப்புக்குள் கொடுத்து, நான்காவது இடத்தில் முழுக் காலமும் வேண்டும் என்று குறித்தால், சென்னைப் பக்கத்துக் காற்றின் 1460 வெப்பநிலைகள் மட்டும் வரும். மீதி எல்லாம் வட்டிலேயே கிடக்கும்.

அந்த எண் வரிசையில் ஒரு கண்ணியும் உண்டு. நெட்சிடிஎஃப் கோப்பின் உள்ளடக்கத்தை சி முறையில் அச்சிட்டுப் பார்த்தால் காலம், மட்டம், அட்சரேகை, தீர்க்கரேகை என்ற வரிசையில் தெரியும். என்அரேயோ ஃபோர்ட்ரானைப் போல முதல் சுட்டெண்ணே வேகமாக மாறும் முறையை ஏற்றிருந்தது. ஆகவே ரூபி உறை வரிசையைத் தலைகீழாக்கித் தீர்க்கரேகையை முதலில் வைத்தது. டென்னோ கிளப்பின் ஃபோர்ட்ரான் காரர்களுக்கு அது பழகிய வழி. சி பழகியவர்களுக்குக் குழப்பம். பைட் வகையிலும் ஒரு முரண் இருந்தது: நெட்சிடிஎஃப்பின் பைட் எதிர்மறை எண்ணையும் ஏற்கும், என்அரேயின் பைட் பூஜ்யத்திலிருந்து 255 வரை மட்டும். உறை எழுதுவது இரு பக்கத்துச் செயல்கூறுகளையும் சேர்த்துத் தைக்கும் சின்ன வேலைதான் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு எடுத்துக்காட்டும் போதும். இரண்டு உலகங்களின் வழக்கங்கள் மோதும் இடத்தில் உட்கார்ந்து, எதை எதற்கு விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொன்றாக முடிவெடுக்கும் வேலை அது.

நினைவகத்தைக் காப்பதும் அவ்வாறே. சி மொழியில் கோப்பைத் திறந்தவர்தான் மூட வேண்டும். ரூபியில் யாரும் எதையும் விடுவிப்பதில்லை. பயனற்ற பொருள்களைக் குப்பை சேகரிப்பான் தானே அள்ளிச் செல்லும். திறந்த கோப்பைச் சுட்டும் ரூபிப் பொருள் அள்ளப்படும் நேரத்தில் உள்ளே இருக்கும் நெட்சிடிஎஃப் கோப்பையும் மூடும்படி உறை ஏற்பாடு செய்தது. பிழைகளுக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. சி நூலகம் தவறு நேர்ந்தால் ஓர் எண்ணைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். அதைப் பார்க்காமல் விட்டால் நிரல் தவறான கணக்கோடு ஓடிக்கொண்டே இருக்கும். உறை அந்த எண்ணை ரூபியின் விதிவிலக்காக மாற்றியது. தவறு நேர்ந்த இடத்திலேயே நிரல் நின்று காரணம் சொன்னது. ஆய்வுக் கட்டுரைக்கு எண் எடுப்பவருக்கு இது எவ்வளவு பெரிய காப்பு!

விடுபட்ட மதிப்புகள் இன்னொரு தலைவலி. கடலில் நிலவெப்பம் கிடையாது. பழுதான கருவி அன்று அளக்கவில்லை. அந்த இடங்களில் -999 போன்ற ஓர் எண்ணை எழுதிவைப்பது வழக்கம். அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் விடை கெட்டுவிடும். செய்யா நிஷிசாவா எழுதிய என்அரேமிஸ், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'இது செல்லும், இது செல்லாது' என்ற முகமூடியைச் சுமந்து சென்றது. ரூபிநெட்சிடிஎஃப் கோப்பின் பண்புகளைப் பார்த்து அந்த முகமூடியைத் தானே நிரப்பித் தந்தது.

இவற்றின் மேல் எழுந்ததுதான் ஜிஃபிஸ் என்ற நூலகம். இந்தத் திட்டத்தின் சிறந்த படைப்பு எதுவென்றால் இதையே சொல்ல வேண்டும். எண்களைத் தனியே கையாளாமல், அச்சுகளும் அலகும் பெயரும் கூடிய ஒரு பௌதிக அளவாகவே கையாண்டது அது. வெப்பநிலையைத் தீர்க்கரேகை வழியே சராசரி எடு என்று சொன்னால், மீதமுள்ள அச்சுகளோடு புதிய அளவு ஒன்று வரும். அது எதன் சராசரி என்ற குறிப்பும் கூடவே வரும். 30 முதல் 60 பாகை அட்சரேகை வரை வெட்டித் தா என்று பாகையிலேயே கேட்கலாம். எத்தனையாவது கட்டம் என்று விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை. தரவு நெட்சிடிஎஃப்பில் இருக்கிறதா, உலக வானிலை அமைப்பின் கிரிப் வடிவில் இருக்கிறதா, கிராட்ஸ் என்ற வரைபட மென்பொருளின் கோப்பில் இருக்கிறதா என்பதும் பயனருக்குத் தெரிய வேண்டியதில்லை. பழைய டிசிஎல் வரைபட நூலகத்துக்கும் ரூபி உறை கிடைத்திருந்தது. எனவே முனையத்தில் ஒரு வரி அடித்தால் உலக வரைபடத்தின் மேல் வெப்பநிலை நிறம் பூசி வந்து நின்றது. 2000-களின் பிற்பகுதியில் ரூபியின் இணையச் சட்டகமான ரெயில்ஸின் துணையோடு இதே அடித்தளத்தில் ஜிஎஃப்டிநாவி என்ற தரவு வழங்கியையும் கட்டினார்கள்.

உறைகளின் உண்மையான சோதனை 2008-இல் வந்தது. நெட்சிடிஎஃப்பின் நான்காம் பதிப்பு, பழைய கோப்பு வடிவத்தோடு முற்றிலும் வேறான உள்ளமைப்புள்ள புதிய வடிவம் ஒன்றையும் சேர்த்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சூப்பர்கணினி மையத்தில் பிறந்து 1998-இல் வெளிவந்த எச்டிஎஃப்5 வடிவத்தைத் தன் சேமிப்பு முறையாக அந்தப் புதிய வடிவம் எடுத்துக்கொண்டது. அதில் முதல் எழுத்துகள் சிடிஎஃப் இல்லை. தரவு துண்டு துண்டாகச் சுருக்கப்பட்டு எங்கெங்கோ கிடக்கலாம். கையால் வாசிப்பு நிரல் எழுதி வைத்திருந்தவர்களுக்கு இந்தப் புதிய கோப்புகள் திறக்கவில்லை. நூலகத்தின் வழியாகச் சென்றவர்களுக்கோ, புதிய நூலகத்தோடு மறுபடி இணைத்துத் தொகுத்தாலே போதும். பழைய தரவு மாதிரிக்குள் அடங்கும் புதிய கோப்புகளைப் பழைய நிரலே திறந்தது. பின்னர் ஓபன்டேப் முறையில் தொலைவிலுள்ள வழங்கியிலிருந்து வேண்டிய துண்டை மட்டும் வலை வழியே இழுக்கும் வசதி சி நூலகத்துக்குள் வந்தபோதும், கோப்பின் பெயர் இருக்கும் இடத்தில் முகவரியைக் கொடுத்தால் போதும் என்றாயிற்று. போல்டரில் ஒருவர் செய்த திருத்தம் உலகெங்கும் அந்த நூலகத்தை உறை வழியே பயன்படுத்திய மொழிக்காரர்களையெல்லாம் ஒரே நேரத்தில் சென்றடைந்தது. மாறிகளைத் தொகுத்து வைக்கும் குழுக்கள், 64 பிட் முழுஎண்கள் போன்ற புதியவற்றுக்கு உறையிலும் வேலை இருந்தது. என்அரேயில் 64 பிட் முழுஎண்ணே கிடையாது. அந்தக் குறையைத் தனாகாவின் அடுத்த படைப்பான நியூமோ என்அரே தீர்த்தது.

உலகம் இதற்குள் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. பைத்தானுக்கு 1995-இலேயே நியூமெரிக் என்ற அணி நூலகம் கிடைத்துவிட்டது; 2006-இல் அதன் வாரிசான நம்பை 1.0 வந்தபின் அறிவியலர்கள் அங்கே திரண்டார்கள். ரூபியை 2004-இல் வந்த ரெயில்ஸ் உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. அந்தப் புகழ் முழுவதும் இணைய வணிகத்தின் பக்கம் போனது. ரூபிக்கு அறிவியல் நூலகங்களைக் கட்ட முனைந்த சைரூபி போன்ற முயற்சிகள் 2010-களில் எழுந்தும் அலையைத் திருப்ப முடியவில்லை. 2017-இல் ரூபியிலிருந்து பைத்தான் நூலகங்களையே அழைக்கும் பைகால் வந்தது. மொழியின் தகுதிக் குறைவால் இப்படி ஆனது என்று சொல்வது நியாயமாகாது. டென்னோ ரூபியின் விளக்கங்களில் பெரும்பகுதி ஜப்பானிய மொழியில் இருந்தது. உள்நாட்டில் அதுவே பலம், வெளியே அதுவே வேலி. ஓர் அறிவியல் துறையின் கருவிகள் வளர ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். ரூபிக்குக் கிடைத்தவை ஒரு சில டஜன் கைகள். அந்தச் சில கைகள் சாதித்ததன் அளவே வியப்புக்குரியது.

ஹொரினோஉச்சியின் ஆய்வு பிற்காலத்தில் வெள்ளிக்கோளுக்கு நகர்ந்தது. 2010-இல் ஏவப்பட்டு முதல் முயற்சியில் சுற்றுப்பாதை தவறி, 2015 டிசம்பரில் வெள்ளியைச் சுற்றத் தொடங்கிய ஜப்பானிய விண்கலம் அகத்சுகி. அதன் படங்களைத் தீர்க்கரேகை, அட்சரேகைக் கட்டங்களில் பொருத்திய தரவுகள் நெட்சிடிஎஃப் கோப்புகளாகவே வெளியாயின. வெள்ளியின் வளிமண்டலம் கோளைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்வதை எது தாங்கிப் பிடிக்கிறது என்ற ஆய்வை ஹொரினோஉச்சியும் குழுவினரும் 2020-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். மேகங்களின் நகர்வை அடுத்தடுத்த படங்களில் தொடர்ந்து காற்றை அளக்க அவர் எழுதிய மென்பொருளும் பழைய முறைப்படிதான் இருக்கிறது: கனமான கணக்கு சி-யில், அதன் மேல் ரூபி உறை.

நம் பக்கத்துத் தரவுக்கும் இந்தக் கதை பொருந்தும். இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகம் 1901 முதலான அன்றாட மழையளவை 0.25 பாகை கட்டங்களில் தொகுத்து இலவசமாகத் தருகிறது. கிழக்கு மேற்காக 135, வடக்கு தெற்காக 129 கட்டங்கள். அதே தரவு இரண்டு உருவில் கிடைக்கிறது. ஒன்று முகப்பே இல்லாத வெற்று இருமக் கோப்பு; ஓராண்டுக்குச் சுமார் 25 மெகாபைட். 135, 129 என்ற இரு எண்களையும் விடுபட்ட மதிப்பு -999 என்பதையும் தனியே தெரிந்துகொள்ளாமல் அதைத் தொட முடியாது. மற்றொன்று நெட்சிடிஎஃப், எல்லாம் உள்ளேயே எழுதப்பட்டது. காவிரிப் படுகையிலோ வைகைக் கரையிலோ தம் ஊரில் பெய்த மழையின் நூற்றாண்டுக் கணக்கைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் இரண்டாவதை இறக்கிக்கொள்ளட்டும். ரூபியோ பைத்தானோ, கையில் எந்த மொழி இருந்தாலும் நெட்சிடிஎஃப் நூலகத்துக்கு அதில் ஓர் உறை பெரும்பாலும் இருக்கும்.